பேஸ்பால் எண்களுக்குள் ஒளிந்த பெட்டி: ஜியோகேஷிங் புதிரை அவிழ்க்க முழுமையான வழிகாட்டி

யாரோ ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் துணையோடு தேடிப் போகும் விளையாட்டு ஜியோகேஷிங். அதன் வரைபடத்தைத் திறந்தால் பச்சைக் குறிகளுக்கு நடுவே நீலக் கேள்விக்குறிகள் சிதறிக் கிடக்கும். பச்சை என்றால் கொடுத்த இடத்துக்கு நேரே போய்ப் பெட்டியைத் தேடலாம். நீலக் கேள்விக்குறியில் போட்டிருக்கும் ஆயத்தொலைவு பெரும்பாலும் பொய். உண்மையான இடம் புதிருக்குள் இருக்கும். அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால், சீக்கிரமே ஒரு பேஸ்பால் புதிரில் போய் முட்டிக்கொள்வீர்கள்.

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். முதல் பேஸ்பால் புதிரைப் பார்த்ததும் "இது நமக்கு ஆகாது" என்று மூடி வைத்துவிட்டேன். சில மாதம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. இந்தப் புதிர்களுக்கு ஆட்டம் தெரியவேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை. எந்த எண் எந்த இடத்தில் பொருந்தும் என்று பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அது எந்த வருடத்து எண் என்று கேட்பது.

விளையாட்டே புதிது என்பவர்களுக்கு இரண்டு வரி. 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைப் புதைத்து, அதன் ஆயத்தொலைவை இணையத்தில் போட்டார். அங்கிருந்து தொடங்கியதுதான் எல்லாம்.

பேஸ்பாலும் ஆயத்தொலைவும் ஏன் ஒட்டிக்கொண்டன?

ஜியோகேஷிங்கில் இடத்தை டிகிரி, நிமிடம், நிமிடத்துக்குப் பின் மூன்று தசம இலக்கம் என்று எழுதுவார்கள். வ 42° 41.643 என்பது போல. (வ என்றால் வடக்கு, மே என்றால் மேற்கு. கட்டுரை முழுக்க இப்படியே எழுதுகிறேன்.) புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் என்பதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

பேஸ்பாலில் ஒரு மட்டையாளரின் சராசரியும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்தான். 1941ல் டெட் வில்லியம்ஸின் சராசரி .406. புள்ளியைச் சொல்லாமல் "நானூற்று ஆறு" என்றுதான் ரசிகர்கள் சொல்வார்கள். அந்த 406ஐ அப்படியே தூக்கி நிமிடத்தின் புள்ளிக்குப் பின்னால் வைத்துவிடலாம். கிரிக்கெட்டில் பிராட்மேனின் சராசரியான 99.94ஐ வைத்துக்கொண்டு இவ்வளவு சுலபமாகப் புதிர் கட்ட முடியாது.

அந்த 406 எப்படி வந்தது என்று பார்த்துவிட்டால் பல புதிர்களின் கணக்கும் பிடிபடும். சீசனின் கடைசி நாள் காலையில் வில்லியம்ஸ் 448 முறை ஆடி 179 ஹிட் அடித்திருந்தார். (பந்தை அடித்துவிட்டு, களத்து மூலைகளில் ஒன்றான பேஸைப் பத்திரமாக அடைந்தால் ஹிட்.) வகுத்தால் .39955. முழுமையாக்கினால் .400 ஆகிவிடும், வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அவர் உட்காரவில்லை. அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் ஆடி, எட்டு முறையில் ஆறு ஹிட் அடித்தார். 456க்கு 185, வகுத்தால் .4057. முழுமையாக்கினால் .406. புதிரில் "185ஐ 456ஆல் வகு" என்று வந்தால் 405 என்று வெட்டி எழுதிவிடாதீர்கள். பேஸ்பாலில் எப்போதும் நான்காவது இலக்கத்தைப் பார்த்து முழுமையாக்குவார்கள்.

இன்னொரு ஒற்றுமை தற்செயலானது. ஜாக்கி ராபின்சனின் ஜெர்சி எண் 42. 1947 ஏப்ரல் 15 அன்று ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி, பெரிய லீக்குகளில் நிறத்தால் போட்டிருந்த தடையை உடைத்தவர். 1997ல் அந்த எண்ணுக்கு எல்லா அணிகளிலும் ஓய்வு கொடுத்தார்கள். இப்போது ஏப்ரல் 15 வந்தால் எல்லா வீரர்களும் 42 அணிந்து ஆடுவார்கள். பாஸ்டன், டெட்ராய்ட், பஃபலோ, ஆல்பனி நான்கு ஊர்களுமே 42 டிகிரி வடக்கில் இருக்கின்றன. அந்தப் பக்கத்துப் புதிர் கட்டுபவர்களுக்கு முதல் இரண்டு இலக்கம் இலவசம். நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் அதற்கும் ஒரு படி மேலே: ஏறத்தாழ வ 42° 42.000 மே 074° 55.400. டிகிரியும் 42, நிமிடமும் 42!

அதனால் நம் மாதிரிப் புதிரை அங்கேயே வைத்துக்கொள்வோம். இது இந்தக் கட்டுரைக்காக நான் காகிதத்தில் கட்டியது. அங்கே பெட்டி எதுவும் கிடையாது, போய்த் தேடாதீர்கள்.

மாதிரிப் புதிர்

பக்கத்தில் கொடுத்திருக்கும் இடம்: வ 42° 42.000 மே 074° 55.400

"இரும்புக் குதிரையின் முதுகில் அ. மேட்டில் தனியே நிற்பவன் ஆ. டிங்கர் எடுத்து, எவர்ஸ் தொட்டு, சான்ஸ் முடித்தால் இ ஈ உ. க்ளீவ்லாண்டில் ஓர் இரவு நின்றுபோனது ஊ எ. சிகாகோவின் குள்ளர் 1930ல் அடித்துச் சேர்த்தது ஏ ஐ ஒ. பெட்டி இருப்பது வ 42° அஆ.இஈஉ மே 074° ஊஎ.ஏஐஒ. டிகிரி உட்பட எல்லா இலக்கத்தையும் கூட்டினால் 57."

படி 1: விடை தேடுமுன் பக்கத்தைத் துழாவுங்கள்

புதிரைப் படித்ததும் கூகுளுக்கு ஓடுவது எல்லோரும் செய்யும் தவறு. முதலில் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். தலைப்பே துப்பாக இருக்கலாம். படத்தின் கோப்புப் பெயரில் வீரர் பெயர் ஒளிந்திருக்கலாம். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஏதாவது எழுதியிருப்பார்கள். மௌஸால் முழுப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்தால் பல்லிளிக்கும். கீழே குறிப்பு ஒன்று ராட்13 முறையில் எழுத்து மாற்றி இருக்கும், ஒரு சொடுக்கில் திறக்கும். அது பெரும்பாலும் களத்துக்கான குறிப்புதான், ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், கேஷ், அதாவது பெட்டி, வைக்கப்பட்ட தேதி. அதைக் குறித்து வையுங்கள். ஏன் என்பது படி 4ல்.

கஷ்டத்தின் அளவு 1 முதல் 5 வரை இருக்கும். 2 என்றால் எண்களைத் தேடி நிரப்பினால் போதும். 4, 5 என்றால் கேள்வி என்னவென்றே முதலில் தெரியாது.

படி 2: தெரிந்த இலக்கங்களை முதலில் நிரப்புங்கள்

புதிர்ப் பெட்டி, கொடுத்த இடத்திலிருந்து பொதுவாக 2 மைலுக்குள், அதாவது சுமார் 3.2 கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது ஜியோகேஷிங் விதி. பேஸ்பாலைத் தொடாமலே பாதிப் புதிரை இந்த ஒரு விதி அவிழ்த்துவிடும்.

வடக்கு தெற்காக ஒரு நிமிடம் சுமார் 1.85 கிலோமீட்டர். இது எந்த ஊரிலும் ஏறக்குறைய இதே அளவு. கிழக்கு மேற்காக ஒரு நிமிடம் என்பது வடக்கே போகப்போகச் சுருங்கும். கூப்பர்ஸ்டவுனில் சுமார் 1.36 கிலோமீட்டர். (அட்சரேகையின் கொசைனால் பெருக்கினால் வந்துவிடும்.) ஆக, 3.2 கிலோமீட்டர் என்பது வடக்கில் முன்னும் பின்னும் 1.7 நிமிடம், மேற்கில் 2.3 நிமிடம்.

அப்படியென்றால் வடக்கு நிமிடம் 40, 41, 42, 43 நான்கில் ஒன்று. மேற்கு நிமிடம் 53லிருந்து 57 வரை ஐந்தில் ஒன்று. அதாவது அ கண்டிப்பாக 4, ஊ கண்டிப்பாக 5. குதிரை யார், க்ளீவ்லாண்டில் என்ன நடந்தது என்று இன்னும் நாம் தேடவே இல்லை.

இதை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். நான் பென்சிலில் எழுதுவேன், நிச்சயமான இலக்கத்தை மட்டும் பேனாவில்.

படி 3: துப்பின் உருவத்தைப் பாருங்கள்

ஒவ்வொரு துப்பும் எத்தனை இலக்கம் கேட்கிறது? இந்தக் கேள்விதான் பேஸ்பால் தெரியாதவனையும் காப்பாற்றும். இதே ஆட்டத்தில் ஒரு வீரருக்கே பத்து எண் இருக்கும். ஜெர்சி எண், ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), தொடர்ந்து ஆடிய ஆட்டங்கள், சராசரி, ஓய்வு பெற்ற வருடம் என்று. எத்தனை இலக்கம் வேண்டும் என்று பார்த்தால் ஒன்பது உதிர்ந்துவிடும்.

முதல் துப்பு. "இரும்புக் குதிரை" என்பது லூ கெரிக்கின் பட்டப்பெயர். தேடினால் முதலில் கண்ணில் படுவது 2130. தொடர்ந்து அவர் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை. நமக்கு வேண்டியது ஒற்றை இலக்கம், அதுவும் "முதுகில்". ஜெர்சி எண் 4. 1929ல் நியூயார்க் யாங்கீஸ் சட்டையில் எண் தைத்தபோது மட்டை பிடிக்கும் வரிசைப்படி கொடுத்தார்கள். பேப் ரூத் மூன்றாவது, அதனால் 3. கெரிக் நான்காவது, அதனால் 4. இதில் ஒரு குழி உண்டு: 2130ஐ 1995ல் தாண்டிய கேல் ரிப்கன் ஜூனியருக்கு "இரும்பு மனிதர்" என்று பெயர், அவர் எண் 8. அவசரத்தில் அவரைப் போட்டால் நிமிடம் எண்பதுக்கு மேல் போய்விடும். நிமிடம் 60ஐத் தொடவே தொடாது. நல்லவேளை.

இரண்டாவது துப்பு. மேட்டில் நிற்பவர் பிட்சர், பந்து எறிபவர். இங்கேதான் பேஸ்பால் புதிர்களின் அரிச்சுவடி வருகிறது. களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஸ்கோர் எழுத ஓர் எண் உண்டு, அதற்கும் சட்டை எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது களம் 7, நடுக்களம் 8, வலது களம் 9. ஷார்ட்ஸ்டாப் நிற்பது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில், ஆனால் எண் 6. இந்த இடத்தில் எல்லோரும் ஒரு தடவையாவது சறுக்குவார்கள். ஆ = 1. வடக்கு நிமிடம் 41. நம் நான்கில் ஒன்று, சரி.

மூன்றாவது துப்பு மூன்று பெயர். டிங்கர், எவர்ஸ், சான்ஸ் மூவரும் 1907லும் 1908லும் உலகத் தொடரை (பேஸ்பாலின் ஆண்டு இறுதித் தொடர்) வென்ற சிகாகோ கப்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ், முதல் பேஸ். அவர்கள் காலத்தில் சட்டையில் எண்ணே கிடையாது, ஆகவே ஜெர்சி எண் தேடிப் பயனில்லை. பந்து இவர் கையிலிருந்து அவர் கைக்குப் போய் இரண்டு பேர் அவுட் ஆவதை ஸ்கோர் தாளில் 6-4-3 என்று எழுதுவார்கள். இ ஈ உ = 643. ஷார்ட்ஸ்டாப்பை 5 என்று எண்ணி 543 போட்டிருந்தால் 185 மீட்டர் தள்ளி வேறெங்கோ புதரைக் கிளறிக்கொண்டிருப்பீர்கள்.

நான்காவது துப்பு ஜோ டிமாஜியோ. 1941 மே 15லிருந்து ஜூலை 16 வரை ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது ஒரு ஹிட். ஜூலை 17 இரவு க்ளீவ்லாண்டில் அது நின்றது. 56 ஆட்டம். நம் ஐந்தில் ஒன்று. இவருக்கே 61 என்று இன்னொரு தொடர் உண்டு, 1933ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சிறிய லீக்கில் ஆடியபோது. அது இங்கே நிமிடமாகவே இருக்க முடியாது.

படி 4: அந்த எண் எந்த வருடத்து எண்?

ஐந்தாவது துப்பில்தான் ஆட்டமே இருக்கிறது. சிகாகோவின் குள்ளர் ஹாக் வில்சன், உயரம் ஐந்தடி ஆறங்குலம். அடித்துச் சேர்த்தது என்றால் ஆர்பிஐ, அதாவது தன் மட்டையால் அணிக்குக் கொண்டுவந்த ரன்கள். 1930ல் அவர் சேர்த்தது பழைய புத்தகங்களில் 190. இன்றைய பட்டியலில் 191. இரண்டுமே அச்சிலிருக்கிறது. சக வீரர் சார்லி க்ரிம் பெயரில் தப்பாக எழுதப்பட்டிருந்த ஒரு ரன்னை ஆய்வாளர்கள் கண்டுபிடிக்க, 1999ல் அதிகாரபூர்வமாகத் திருத்தினார்கள். அறுபத்தொன்பது வருடம் கழித்து, ஒரு ரன்!

பேஸ்பால் எண்கள் கல்வெட்டு என்று நினைத்துக்கொள்வோம். பாதிக்குமேல் அப்படியில்லை. டை காப் வாழ்நாளில் அடித்த ஹிட் 4191 என்றுதான் பல காலம் எல்லோரும் சொன்னார்கள். 1985ல் பீட் ரோஸ் 4192ஐ அடித்தபோது ஊரே கொண்டாடியதும் அந்தக் கணக்கில்தான். ஆனால் 1910ல் ஓர் ஆட்டம் இரண்டு தடவை எண்ணப்பட்டிருந்தது. அதைக் கழித்து, பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் 4189 என்று இருக்கும்.

இந்த இரண்டில் நான் பட்டிருக்கிறேன். ஒரு புதிரில் காப்பின் ஹிட்டில் கடைசி இரண்டு இலக்கம் புள்ளிக்குப் பின் வரவேண்டும். நான் 89 போட்டேன், வைத்தவர் நினைத்தது 91. வித்தியாசம் 0.020 நிமிடம், வடக்கு தெற்காக 37 மீட்டர். நடுவே ஒரு ஓடை. நான் தப்பான கரையில் முக்கால் மணி நேரம் ஒவ்வொரு கல்லாகப் புரட்டிக்கொண்டிருந்தேன், காலில் உண்ணி ஏறியதுதான் மிச்சம்.

அண்மையில் நடந்த பெரிய மாற்றம், நீக்ரோ லீக்குகள். நிறத்தடை இருந்த காலத்தில் கறுப்பின வீரர்கள் ஆடிய அந்த லீக்குகளைப் பெரிய லீக்குகளாக 2020 டிசம்பரில் ஏற்றுக்கொண்டார்கள். 2024 மே மாதம் புள்ளிவிவரங்களையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதுவரை வாழ்நாள் சராசரியில் முதலிடம் டை காப், .367. அன்றிலிருந்து முதலிடம் ஜாஷ் கிப்சன், .372. ஆக "வாழ்நாள் சராசரியில் முதல்வர்" என்று ஒரு புதிர் கேட்டால், 2012ல் வைத்த பெட்டிக்கும் 2025ல் வைத்த பெட்டிக்கும் விடை வேறு. கேஷ் வைத்த தேதியைக் குறிக்கச் சொன்னது இதற்குத்தான்.

மாறிய மற்ற எண்களையும் கையோடு சொல்லிவிடுகிறேன். இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் ஒரு சீசனின் அதிக ஹோம் ரன் 1961 முதல் ராஜர் மாரிஸின் 61. 2022ல் ஏரன் ஜட்ஜ் 62 அடித்தார். அணியில் வழக்கமாக 25 பேர், 2020லிருந்து 26. பேஸ் பலகையின் பக்கம் 15 அங்குலம், 2023லிருந்து 18. பிட்சர் நிற்கும் மேட்டின் உயரம் 15 அங்குலமாக இருந்தது. 1968ல் பாப் கிப்சன் போன்ற பிட்சர்கள் மட்டையாளர்களைக் கதறவிட்டதால் 1969ல் 10 ஆகக் குறைத்தார்கள். சீசனுக்கு 162 ஆட்டம் என்பதே 1961லிருந்து வந்ததுதான், அதற்கு முன் 154.

வீரர் அணி மாறினால் சட்டை எண்ணும் மாறலாம். நோலன் ரயன் ஏஞ்சல்ஸ் அணியில் 30, ஆஸ்ட்ரோஸிலும் ரேஞ்சர்ஸிலும் 34. படம் கொடுத்திருந்தால் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைப் பாருங்கள்.

படி 5: கூட்டிப் பாருங்கள்

நம் விடை: வ 42° 41.643 மே 074° 56.191. வடக்கு இலக்கங்கள் 4+2+4+1+6+4+3 = 24. மேற்கு 0+7+4+5+6+1+9+1 = 33. மொத்தம் 57. பொருந்துகிறது. 190 போட்டிருந்தால் 56 வந்து உதைத்திருக்கும்.

இங்கே சிரிப்பு என்னவென்றால், 190க்கும் 191க்கும் தரையில் வித்தியாசம் 1.36 மீட்டர். ஜிபிஎஸ்ஸின் பிழையே அதைவிட அதிகம். பெட்டி எப்படியும் கிடைத்திருக்கும்! ஒரு தவறு எவ்வளவு பெரியது என்பது அது எந்த இலக்கத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. கடைசி இலக்கம் தப்பினால் ஓரிரு மீட்டர். அதற்கு முந்தியது தப்பினால் பத்துப் பதினைந்து. புள்ளிக்கு அடுத்தது தப்பினால் நூற்றுக்கணக்கில். சந்தேகமான துப்பு கடைசி இடத்தில் இருந்தால் கவலைப்படாமல் கிளம்பிவிடலாம்.

கூட்டுத்தொகையை முழுக்க நம்பவும் வேண்டாம். 643ஐ 346 என்று திருப்பி எழுதினாலும் 57தான் வரும்.

பக்கத்தில் சரிபார்க்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஜியோகேஷிங் தளத்துக்கே ஒன்று உண்டு, செர்ட்டிட்யூட் போன்ற வெளித்தளங்களும் உண்டு. வசதி இல்லையென்றால் செயற்கைக்கோள் படத்தில் இடத்தைப் பாருங்கள். ஏரி நடுவிலோ யாரோ ஒருவர் வீட்டுக் கூரையிலோ விழுந்தால் திரும்பப் படி 3க்குப் போங்கள். சரியென்று தெரிந்ததும் பக்கத்திலேயே திருத்திய ஆயத்தொலைவைச் சேமித்துவிடுங்கள். அப்புறம் செயலியில் கேள்விக்குறி சரியான இடத்துக்கு நகர்ந்துவிடும்.

எண்ணே கண்ணில் படாத புதிர்கள்

கஷ்டம் 4, 5 உள்ளவற்றில் கேள்வியே இருக்காது. ஒரு ஸ்கோர் தாளின் படம் மட்டும் இருக்கும். அதில் பழகிய சில தந்திரங்கள்:

ஸ்ட்ரைக் அவுட்டுக்கு (பிட்சர் தன் பந்திலேயே மட்டையாளரை அவுட் ஆக்குவது) தாளில் கே என்ற ஆங்கில எழுத்து. மட்டையாளர் மட்டையை வீசாமலே பார்த்துக்கொண்டு நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவார்கள். இரண்டே குறி என்றால் உடனே இரும எண்ணோ மோர்ஸோ மனதுக்கு வரவேண்டும். மோர்ஸுக்கு முன்னுதாரணமே இருக்கிறது: பாஸ்டன் அணியின் மைதானமான ஃபென்வே பார்க்கின் பச்சைச் சுவரில் உள்ள ஸ்கோர் பலகையில், பழைய உரிமையாளர்களான யாக்கி தம்பதியின் பெயர் முதலெழுத்துகள் மோர்ஸில் புள்ளியும் கோடுமாக இருக்கின்றன.

வைர வடிவக் கட்டத்தில் சில பேஸ்கள் மட்டும் கறுப்பாக இருந்தால், முதல் பேஸ் 1, இரண்டாவது 2, மூன்றாவது 4 என்று கூட்டிப் பாருங்கள். ஆள் இல்லாத களம் 0, மூன்றிலும் ஆள் என்றால் 7. எட்டு நிலைகள். இந்த முறையில் 8, 9 வராது. ஆகவே பெரிய எண்களை எண்ம முறையில் (பத்துக்குப் பதில் எட்டெட்டாக எண்ணும் முறை) கொடுத்திருப்பார்கள்.

ஓர் ஆட்டத்தின் தேதி மட்டும் கொடுத்திருந்தால் ஸ்கோர் வரியின் கடைசி மூன்று எண்ணைப் பாருங்கள்: ரன், ஹிட், எரர் (பந்தைப் பிடிப்பதில் எறிவதில் செய்த தவறு). 1956 அக்டோபர் 8, டான் லார்சன் உலகத் தொடரில் ஒருவரையும் பேஸுக்கு அனுப்பாமல் முடித்த நாள். யாங்கீஸ் வரி 2, 5, 0. எதிரணி டாட்ஜர்ஸ் வரி 0, 0, 0. அங்கே 250, இங்கே 000. மூன்று இலக்கம் என்றதும் உங்களுக்கே தோன்றியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபென்வேயின் இன்னொரு கதை. ஓய்வு கொடுத்த சட்டை எண்களை வலது பக்கத்து முகப்பில் ஒரு காலத்தில் 9, 4, 1, 8 என்ற வரிசையில் மாட்டியிருந்தார்கள். அமெரிக்க வழக்கப்படி வாசித்தால் 1918 செப்டம்பர் 4. பாஸ்டன் வென்ற அந்த உலகத் தொடர் தொடங்குவதற்கு முந்தின நாள். அதற்குப்பின் 2004 வரை அவர்கள் வெல்லவே இல்லை. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை; பிறகு எண்களை ஏறுவரிசையில் மாற்றிவிட்டார்கள். புதிர் ஆசாமிகளின் கண் எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நீங்களே ஒன்று கட்டுவதானால்

எண்ணிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் பெட்டிக்கு இடம் பாருங்கள், அனுமதி வாங்குங்கள், ஆயத்தொலைவை இரண்டு மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் அளந்து வையுங்கள். மற்ற பெட்டிகளிலிருந்து 161 மீட்டராவது தள்ளியிருக்கவேண்டும். அப்புறம் அந்த இலக்கங்களுக்கு ஏற்ற பேஸ்பால் எண்ணைத் தேடுங்கள்.

அசையாத எண்களாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து மட்டையாளர் பக்கத்து ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம், 1893லிருந்து மாறவில்லை. 606 என்று மூன்று இலக்கமாக வரும். பந்தில் 108 இரட்டைத் தையல். சை யங் வென்ற 511 ஆட்டம், நோலன் ரயனின் 5714 ஸ்ட்ரைக் அவுட், ராபர்ட்டோ கிளமெண்டேயின் சரியாக 3000 ஹிட், எல்லாம் பத்திரம். 125 வேண்டுமா? 1951 ஆகஸ்ட் 19 அன்று செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணி மூன்றடி ஏழங்குல உயர எடி கேடலை மட்டை பிடிக்க இறக்கியது. அவர் முதுகில் இருந்த எண் எட்டில் ஒன்று. வகுத்துப் பார்த்தால் .125. இப்படி ஒன்று மாட்டினால் அன்று தூக்கம் வராது.

அசையக்கூடிய எண்ணைத்தான் வைப்பேன் என்றால் "2024 சீசன் முடிவில்" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் ஓட்டானி போன்றவர்களின் வாழ்நாள் எண்ணைத் தொடவே தொடாதீர்கள். அவர் ஒரு சீசனில் அடித்தது வேண்டுமானால் சரி: 2024ல் 54 ஹோம் ரன், 59 திருட்டு பேஸ் (யாரும் பந்தை அடிக்காமலே ஓடிப் பிடித்த பேஸ்). பதிப்பிக்கும்முன் பேஸ்பால் தெரியாத ஒருவரிடம் கொடுத்து அவிழ்க்கச் சொல்லுங்கள். என் மனைவி இரண்டு துப்பை "இது துப்பா, திட்டா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டையும் மாற்றினேன்.

களத்தில்

புதிர் அவிழ்ந்த பெட்டி பெரும்பாலும் சாதாரணப் பெட்டிதான். தொலைபேசி காட்டும் இடத்தைச் சுற்றி ஐந்தாறு மீட்டர் தேடுங்கள். கை உயரத்திலும் கால் உயரத்திலும் பார்த்தபிறகு குறிப்பைத் திறங்கள். பேஸ்பால் புதிர் என்றால் பொய்ப் பந்துக்குள் தாளைச் சுருட்டி வைத்திருப்பவர்களும் உண்டு, ஆகவே புல்லில் கிடக்கும் அழுக்குப் பந்தை எட்டி உதைக்காதீர்கள். பேனா கொண்டுபோங்கள், பெயரைத் தாளில் எழுதினால்தான் கணக்கு. வீட்டுக்கு வந்து பதிவு எழுதும்போது எந்த எண்ணில் மாட்டிக்கொண்டீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஒரு ரன் குறைவாக எண்ணிவிட்டேன்" என்றாலே அடுத்து வருபவர் ஹாக் வில்சனிடம் போய்விடுவார்.